கடலுக்கு மேலே சூடு, கீழே குளிர்

ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குள் அழுத்தத்தைக் கூட்டுவதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 121 டிகிரியில் கொதிக்கிறது. தாதியர் படிப்பில் நாங்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. தம்பி தங்கைகளே, இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட தொட்டியில், தொட்டால் கை சுடாத 25 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகும்!

வெப்பமண்டலக் கடலின் மேல்பரப்பு ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஆழத்திலோ 5 டிகிரி குளிர். மேலே உள்ள தண்ணீரை இப்படிக் கொதிக்க வைத்து, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றலாம். பிறகு ஆழத்துக் குளிர்நீரால் ஆவியைத் தண்ணீராக்கலாம். எரிபொருள் வேண்டாம். சூரிய மின்பலகை தூங்கும் இரவிலும் இது ஓடும்.

கடலின் இந்த வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1881இல் சொன்னவர் பிரான்சின் ஆர்சோன்வால். செய்து பார்த்தவர் அவருடைய நண்பர் ஜார்ஜ் கிளோட், நியான் விளக்கைத் தந்த அதே மனிதர். கியூபாவின் மத்தான்சாஸ் குடாவில் ஆழ்நீர்க் குழாயை இறக்கும்போது இரண்டு முறை பறிகொடுத்தார். மூன்றாவது நின்றது. 1930இல் 22 கிலோவாட் மின்சாரம் கிடைத்தது. ஆனால் பம்புகள் அதைவிட அதிகமாகத் தின்றன! அந்தக் குழாயையும் கடைசியில் புயல் கொண்டுபோனது.

சிக்கல் எங்கே என்றால், வெப்ப எந்திரம் சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள இடைவெளியில்தான் பிழைக்கிறது. 20 டிகிரி இடைவெளிக்கு இயற்கை அனுமதிக்கும் உச்சமே நூற்றுக்கு 7 பங்குதான். நடைமுறையில் 3 கிடைத்தால் பெரிது. அதனால் சிறிதளவு மின்சாரத்துக்கும் ஆறு போலத் தண்ணீர் இறைக்க வேண்டும். ஜப்பானின் குமே தீவில் 2013 முதல் இயங்கும் நிலையம்கூட 100 கிலோவாட் அளவுதான். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தூத்துக்குடிக்கு அப்பால் மிதக்கும் கலத்தில் 1 மெகாவாட் எடுக்க முயன்றது. அங்கும் குழாய்தான் கைவிட்டது.

ஆனால் அந்த ஆவியை மறந்துவிடாதீர்கள். கடல்நீர் ஆவியாகும்போது உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. குளிர்ந்து சொட்டுவது நல்ல தண்ணீர். இலட்சத்தீவின் கவரத்தியில் 2005இல் இதே கழகம் டர்பைனை விட்டுவிட்டு, தண்ணீரை மட்டும் எடுத்தது: நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். பவளத் தீவுகளில் நல்ல நீர் மணலுக்கடியில் உப்புநீர்மேல் மெல்லிய படலமாகத்தான் மிதக்கும். கொஞ்சம் அதிகமாக இறைத்தால் உப்பேறும், பக்கத்துக் கழிவுக்குழியும் கலக்கும். வயிற்றுப்போக்கில் வாடி வரும் குழந்தைகளுக்கு சேலைன் ஏற்றும் எங்களுக்கு, ஒரு மெகாவாட்டைவிட இந்த லட்சம் லிட்டர்தான் பெரிதாகப் படுகிறது.

அந்தப் பம்புகளை ஓட்டும் மின்சாரத்துக்கு டீசல் இன்னும் கப்பலில்தான் போக வேண்டியிருக்கிறது. அந்த மின்சாரத்தையும் அதே கடலின் சூட்டிலிருந்தும் குளிரிலிருந்தும் எடுக்கும் நிலையத்தை, அதே கவரத்தியில், அமைக்கும் பணியில் அந்தக் கழகம் இறங்கியிருக்கிறது.