முயல் முடியில் முளைத்த பனி

ஜப்பானின் வடக்கே இருக்கும் ஹொக்கைடோ தீவில் குளிர்காலம் நீண்டது. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. பிறகு மலைகளில் ஏறி, அவ்வளவையும் வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது. 1930-களில் அந்தத் தீவின் தொக்காச்சி மலையில் ஒரு மரக்குடிலில் தங்கி, உறையும் குளிரில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு, விழும் பனிப்படிகங்களைப் படமெடுத்தார் உகிச்சிரோ நகயா. அவர் இயற்பியலாளர். 1930-இல் சப்போரோவில் இருக்கும் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர்.

அவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி, 1885-இல் கேமராவையும் நுண்ணோக்கியையும் இணைத்துப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். வாழ்நாள் முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை 1931-இல் புத்தகமாக வந்தன. பெரும்பாலானவை மாசில்லாத அறுமுனை வடிவங்கள். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் பென்ட்லி தேடியது அழகானவற்றை. வானத்திலிருந்து விழும் படிகங்களில் பெரும்பாலானவை அப்படி இருப்பதில்லை. ஒரு கை குட்டையாக இருக்கும், ஓரம் சிதைந்திருக்கும், இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நகயா இந்தக் கோணல்களையும் விடாமல் படமெடுத்து வகைப்படுத்தினார். பனியை முழுமையாக நேசித்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நேசத்துக்குப் பலனும் கிடைத்தது.

அதைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: பனிப்படிகத்துக்கு ஏன் ஆறு முனைகள்? 1611-இல் வானியலாளர் கெப்லர் இந்தக் கேள்விக்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். முடிவான விடை அவருக்குக் கிட்டவில்லை. எக்ஸ்-கதிர் ஆய்வு வந்த பிறகே அது தெளிவானது. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அறுகோண வலையாக அடுக்கப்படுகின்றன. கண்ணுக்கு எட்டாத அந்த அடுக்குதான் வளர்ந்து வளர்ந்து நம் சட்டைக்கையில் வந்து விழும் அறுகோணம். அது வளரும்போது ஆறு மூலைகளும் ஈரக்காற்றுக்குள் சற்றே துருத்திக்கொண்டு நிற்கும். நீராவி முதலில் அங்கேதான் கிடைக்கும், எனவே மூலை வேகமாக நீளும். நீண்டதனால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். இப்படித்தான் கைகள் முளைக்கின்றன, கைகளில் கிளைகள் பிரிகின்றன.

சீராக வளர்ந்த படிகத்தில் ஆறு கைகளும் ஒன்றுபோல் இருப்பது எப்படி? ஒரு கை செய்வது மற்றதற்குத் தெரியாது. ஆனால் படிகம் சில மில்லிமீட்டர் அகலம்தான். மேகத்தில் அது அலையும் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் வெப்பமும் ஈரமும் மாறுகிறபோதெல்லாம், அந்த மாற்றம் ஆறு கைகளையும் ஒரே நொடியில் தொடுகிறது. ஒரே அனுபவம், ஒரே வடிவம். இரண்டு படிகங்கள் ஒரே வழியில் அலைவதில்லை, அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று அமைவதும் இல்லை.

இதைச் சொல்வது எளிது, சோதித்துக் காட்ட வேண்டுமே! நகயா குளிர் ஆய்வுக்கூடத்தில் பனியைத் தானே வளர்த்துப் பார்க்க முனைந்தார். கீழிருந்து வெதுவெதுப்பான நீரின் ஆவி எழும், மேலே உறைகுளிர். படிகம் தொங்குவதற்கு ஓர் இழை வேண்டும். பல இழைகளில் நெடுக உறைபனி அப்பிக்கொண்டு, தனிப்படிகம் உருவாகவில்லை. கடைசியில் கைகொடுத்தது முயலின் முடி. அதில் ஆங்காங்கே இருந்த நுண்ணிய புடைப்புகளில் மட்டும் பனி பற்றியது. 1936 மார்ச்சில், மனிதன் உண்டாக்கிய முதல் பனிப்படிகம் அந்த முடியில் முளைத்தது.

பிறகு வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றி மாற்றி வளர்த்து, எந்தச் சூழலில் எந்த வடிவம் என்று ஒரு வரைபடமே போட்டுவிட்டார். மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அருகில் மெல்லிய தகடு. மைனஸ் 5 அருகில் ஊசியும் தூணும். மைனஸ் 15 அருகில் ஈரம் மிகுந்திருந்தால், படங்களில் நாம் காணும் பெரிய இறகு நட்சத்திரம்.

இந்த வரைபடம் கையில் இருந்தால், தரையில் விழுந்த படிகத்தைப் பார்த்து மேலே உள்ள மேகத்தைச் சொல்லலாம். சில படிகங்கள் நடுவில் தூணும் இரு முனைகளிலும் தகடுமாக இருக்கும். ஜப்பானியர்கள் அவற்றை ட்சுசுமி என்ற இடை சிறுத்த தாளக்கருவியின் பெயரால் அழைத்தார்கள், நம் உடுக்கையின் உருவம் அதற்கு. தூண் வளரும் சூழலில் பிறந்த படிகம், பிறகு தகடு வளரும் சூழலுக்குள் நுழைந்திருக்கிறது என்பதுதான் அதன் கதை. உருண்டையாகச் சொரசொரப்புடன் வரும் பனிமணிக்கும் கதை உண்டு. பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் மிதந்த மேகத்துளிகள், படிகம் மோதிய கணத்தில் அதன்மேல் உறைந்து ஒட்டியிருக்கின்றன. அழகில்லாதது என்று பென்ட்லி ஒதுக்கியிருக்கக்கூடிய உருண்டை, மேகத்துக்குள் திரவநீர் இருந்ததற்குச் சாட்சி சொல்கிறது.

ஒரு கேள்வி மட்டும் முழுதாக அவிழவில்லை. சில டிகிரி குளிர் கூடியதும் தகடு ஊசியாகி, இன்னும் கூடியதும் ஊசி மறுபடி தகடாவது ஏன்? படிகத்தின் தட்டை முகமும் பக்கவாட்டு முகமும் நீர் மூலக்கூறுகளை ஏற்கும் வேகம் மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம். அந்த வேகம் ஏன் அப்படி மாறுகிறது என்பதில்தான் சிக்கல். கலிபோர்னியாவில் கென்னத் லிப்ரெக்ட் என்ற இயற்பியலாளர் ஆய்வுக்கூடத்தில் படிகங்களை வளர்த்து, அதற்கொரு விளக்கத்தை முன்வைத்திருக்கிறார்.