ஹிலாரி தோற்பார் என்றார்கள்; ஜெயித்தார்!

இரவு மணி 12.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ளது நியூஹாம்ப்ஷயர் ராஜ்யம். அங்கே டிக்ஸ்வில் நாட்ச் என்று ஒரு மலைக் கிராமம். அந்த நடு இரவில் ஊரே விழித்து இருந்தது. ஊர் என்றால் பெரிய ஊர் அல்ல. ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடலாம்.

2008-ம் ஆண்டு ஜனவரி 8-ந்தேதி பிறந்ததும் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். உடனே எண்ணினார்கள். ஜனநாயகக் கட்சி ஓட்டுகளில் ஒபாமாவுக்கு 7. எட்வர்ட்சுக்கு 2. ரிச்சர்ட்சனுக்கு 1.

ஹிலாரி கிளிண்டனுக்கு? பூஜ்யம்!

"பார்த்தீர்களா, கணிப்பு பலித்துவிட்டது!" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இது என்ன தேர்தல்?

இது ஜனாதிபதி தேர்தல் அல்ல. அதற்கு முந்திய பூர்வாங்கத் தேர்தல். கட்சியின் அபேட்சகராக நிற்பது யார்? அதை முடிவு செய்யவே அங்கு ஒரு தேர்தல் உண்டு. ஒவ்வொரு ராஜ்யமாக ஓட்டுப் போடுவார்கள்.

ஹிலாரி, முன்னாள் ஜனாதிபதி பில் கிளிண்டனின் மனைவி. "முதல் பெண் ஜனாதிபதி ஆவார்" என்று பேசப்பட்டவர். ஒபாமாவோ கறுப்பு இனத்தவர். வயது 46. கடும் போட்டி!

ஜனவரி 3-ந்தேதி அயோவா ராஜ்யத்தில் ஒபாமா ஜெயித்தார். ஹிலாரி மூன்றாவது இடத்துக்குப் போனார். தாய்மார்கள்கூட அங்கு ஒபாமாவுக்கே அதிகம் ஓட்டுப் போட்டார்கள். அடுத்த போட்டி நியூஹாம்ப்ஷயர். இடையில் இருந்தது 5 நாள்.

அந்த 5 நாளும் டெலிபோன் மணி ஓயவில்லை. "உங்கள் ஓட்டு யாருக்கு?" என்று கணிப்புக் கம்பெனிகள் வீடு வீடாகக் கூப்பிட்டுக் கேட்டன. கடைசியாக வந்த கணிப்புகள் எல்லாம் ஒபாமா பக்கமே சாய்ந்தன. ஒன்று "100-க்கு 5 ஓட்டு முந்துகிறார்" என்றது. இன்னொன்று "13 ஓட்டு" என்றது. சராசரி பார்த்தால் ஒபாமாவுக்கு 38, ஹிலாரிக்கு 30.

கண் கலங்கினார்

ஜனவரி 7-ந்தேதி. போர்ட்ஸ்மவுத் என்ற ஊரில் ஒரு காப்பிக் கடை. ஹிலாரி சில பெண்களுடன் உட்கார்ந்து பேசிக்கொண்டு இருந்தார். ஒரு பெண் கேட்டார்: இவ்வளவு அலைச்சலையும் எப்படித்தான் தாங்குகிறீர்கள்?

ஹிலாரியின் குரல் தழுதழுத்தது. கண் கலங்கியது. அந்தக் காட்சியை டெலிவிஷனில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

மறுநாள் இரவு ஓட்டுகளை எண்ணினார்கள். ஹிலாரிக்கு 100-க்கு 39. ஒபாமாவுக்கு 36. சுமார் 7,500 ஓட்டு வித்தியாசத்தில் ஹிலாரி ஜெயித்துவிட்டார்!

பானையும் சோறும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். கருத்துக் கணிப்பின் ரகசியம் இதுதான். ஜனநாயகக் கட்சிப் போட்டியில் மட்டும் அன்று 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். அத்தனை பேரையும் கேட்க முடியுமா? 500 பேரைக் கேட்டால் போதும். ஆனால் 100-க்கு 4 கூடலாம், 4 குறையலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. பானையைக் கிளறி எடுக்க வேண்டும். மேலாக இருப்பதை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்தால், அடியில் இருப்பது வெந்ததா, குழைந்ததா என்று தெரியாது.

ஏன் தப்பியது?

இதை ஆராய, அமெரிக்கக் கருத்துக் கணிப்பாளர் சங்கம் ஒரு கமிட்டி போட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ட்ராகட் அதன் தலைவர். 2009-ம் ஆண்டு அறிக்கை வந்தது. விவரம் தரும்படி கேட்டபோது சில கம்பெனிகள் இழுத்தடித்தனவாம்! ஊரார் மனதைக் கேட்டுப் பிழைப்பவர்களுக்குத் தங்கள் கணக்கைக் காட்ட இவ்வளவு தயக்கம்!

"நிறத்தை மறைத்துப் பேசினார்கள். வாயால் ஒபாமா என்றார்கள்; பெட்டியில் போட்டது வேறு" என்று அப்போது சிலர் சொன்னார்கள். கமிட்டி அதற்கு ஆதாரம் இல்லை என்றது. கணக்கைப் பாருங்கள். ஒபாமாவுக்கு 38 என்றார்கள், 36 வந்தது. பெரிய தப்பு இல்லை. ஹிலாரிக்கு 30 என்றார்கள், 39 வந்தது. கோட்டை விட்டது ஹிலாரியின் ஆட்களைத்தான்!

எப்படி விட்டார்கள்? பெரும்பாலும் முதல் ஓரிரு தடவை கூப்பிட்டதும் டெலிபோனை எடுத்தவர்களிடம் கேட்டார்கள். எடுக்காத வீட்டை விட்டுவிட்டு வேறு வீட்டைக் கூப்பிட்டார்கள். ஆனால் எளிதில் கிடைக்காதவர்கள்தான் ஹிலாரியை அதிகம் ஆதரித்தார்கள். நாலு நாள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு இருந்தால் கிடைத்திருப்பார்கள். அதற்குத்தான் நேரம் இல்லையே!

போதாததற்கு, கேட்பதையும் சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள். காப்பிக் கடைக் காட்சியைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்க அவகாசம் ஏது? ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களில் 100-க்கு 17 பேர், "இன்றுதான் முடிவு செய்தோம்" என்றார்கள். தாய்மார்கள் இந்தத் தடவை ஹிலாரி பக்கம் திரும்பினார்கள். பெண்களில் 100-க்கு 46 பேர் அவருக்கும், 34 பேர் ஒபாமாவுக்கும் போட்டார்கள். கண்ணீர்தான் காரணமா? அப்படி நம்புகிறவர்கள் உண்டு. எனக்கு என்னவோ, எடுக்கப்படாத அந்த டெலிபோன்கள் மீதுதான் சந்தேகம்.

இன்னொரு வேடிக்கை. ஓட்டுச் சீட்டில் ஹிலாரியின் பெயர் மேலே இருந்தது. ஒபாமாவின் பெயர் கீழே இருந்தது. மேலே இருக்கும் பெயருக்குச் சில ஓட்டு கூட விழும் என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள்!

அதே நாளில், அதே ராஜ்யத்தில், குடியரசுக் கட்சிக்கும் தேர்தல் நடந்தது. மெக்கெய்ன் ஜெயிப்பார் என்று கணித்தார்கள். ஜெயித்தார். அதைப் பற்றி யாரும் கமிட்டி போடவில்லை.

அந்த வெற்றியால் ஹிலாரிக்குக் கிடைத்தது என்ன? கட்சி மகாநாட்டுக்கு 9 பிரதிநிதிகள். தோற்ற ஒபாமாவுக்கும் 9 பிரதிநிதிகள்தான்! ஆனால் "ஹிலாரி கதை முடிந்தது" என்ற பேச்சு நின்றது. போட்டி மேலும் 5 மாதம் நீடித்தது. ஜூன் மாதம் ஹிலாரி விலகினார். நவம்பரில் ஜனாதிபதி தேர்தலில் ஒபாமா ஜெயித்தார். 2009-ல் ஹிலாரியை வெளிநாட்டு மந்திரி ஆக்கினார்.