கைமாறும் துப்பாக்கி: டெக்சஸ் மச்சானுக்கு ஒரு பதில்

சென்ற வாரம் காலை நிகழ்ச்சி முடிந்ததும் நேயர் ஒருவரின் குரல்பதிவைக் கேட்டேன். "அண்ணே, என் மச்சான் ஹெச்-1பி விசாவில் டெக்சஸில் வேலை செய்கிறார். கூட வேலை பார்ப்பவர் தன் பழைய கைத்துப்பாக்கியை விற்கிறாராம். கடைக்குப் போக வேண்டாம், பாரம் நிரப்ப வேண்டாம், காசைக் கொடுத்தால் போதும் என்கிறாராம். அப்படியும் ஒரு நாடு இருக்குமா?"

சந்தேகம் வருவது இயல்புதான். நம் நாட்டில் காட்டுப்பன்றியை விரட்ட வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்குக்கூட, 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால், 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டம் 14 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கிறது. அப்படியிருக்க, பழைய மோட்டார் சைக்கிளை விற்பதுபோலத் துப்பாக்கியை விற்க முடியுமா?

டெக்சஸில் முடியும். மோட்டார் சைக்கிளுக்காவது பெயர் மாற்ற வேண்டும்!

1993இல் வந்த பிரேடி சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் துப்பாக்கி விற்குமுன் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். 1998 முதல் இதற்கென எஃப்பிஐ ஒரு கணினி முறையை நடத்துகிறது. ஆனால் அந்தக் கடமை கடைக்காரருக்கு மட்டுமே. தன் சொந்தத் துப்பாக்கியை எப்போதோ ஒருமுறை விற்கும் தனிமனிதரிடம் கூட்டரசுச் சட்டம் ரசீதுகூடக் கேட்பதில்லை. அவரே விரும்பினாலும் அந்தக் கணினியில் தேடிப் பார்க்க முடியாது. உரிமம் பெற்ற கடைக்காரரிடம் போய்த்தான் சோதிக்கச் சொல்ல வேண்டும். கலிபோர்னியா, கொலராடோ, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டன. டெக்சஸ் ஆக்கவில்லை.

ஆனாலும் கூட்டரசுச் சட்டத்தில் சில தடைகள் உண்டு. 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக்கூடாது. வேறு மாநிலத்தவருக்கு நேரடியாக விற்கக்கூடாது, இடையில் கடைக்காரர் இருக்க வேண்டும். கடுங்குற்றவாளி, குடும்ப வன்முறையில் தண்டனை பெற்றவர், போதைப்பொருள் பழக்கமுள்ளவர் போன்றோருக்கு, அது தெரிந்தோ, தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருந்தோ விற்பது குற்றம். 'தெரிந்தோ' என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. எதையும் கேட்காமல் விற்பவனுக்கு எதுவும் தெரியாதே!

இதன் விலையை டெக்சஸ் மக்கள் 2019 ஆகஸ்ட் 31 அன்று கொடுத்தார்கள். மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் ஒருவன் காரில் போய்க்கொண்டே சுட்டதில் 7 பேர் இறந்தார்கள். அவன் 2014இல் கடையில் துப்பாக்கி வாங்க முயன்று, சோதனையில் தோற்றவன். பிறகு தனிமனிதர் ஒருவரிடம் வாங்கினான். அங்கே சோதனை இல்லை. விற்றவர் உரிமமின்றித் தொழிலாகவே துப்பாக்கி விற்றுவந்தது விசாரணையில் வெளிவந்து, 2021இல் அவருக்கு 2 ஆண்டு சிறை கிடைத்தது.

'அமெரிக்க நண்பரையே கடையில் வாங்கித் தரச் சொல்லலாமே' என்று சிலருக்குத் தோன்றும். வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், தனக்குச் சலுகை விலை கிடைக்கும் என்பதால், பென்சில்வேனியாவில் இருந்த தம் 'அங்கிளுக்கு'க் கைத்துப்பாக்கி வாங்கினார். (சித்தப்பாவா, தாய்மாமனா என்று அமெரிக்கர்கள் பிரித்துச் சொல்வதில்லை.) இருவருமே துப்பாக்கி வாங்கத் தகுதி உள்ளவர்கள். மாநிலம் விட்டு மாநிலம் கொடுத்ததும் முறைப்படி கடைக்காரர் வழியாகத்தான். ஆனால் வாங்கும்போது பாரத்தில் 'உண்மையில் வாங்குபவர் நானே' என்று எழுதியிருந்தார். 400 டாலர் காசோலையோ அதற்கு முன்பே அங்கிளிடமிருந்து வந்திருந்தது. பொய் சொன்ன குற்றம் உறுதி என்று 2014இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இப்போது மச்சானுக்கு வருவோம். ஹெச்-1பி, மாணவர் விசா, சுற்றுலா விசா எல்லாமே குடிநுழைவு அல்லாத விசாக்கள். அவற்றில் அமெரிக்கா வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் கூட்டரசுக் குற்றம். 2022 முதல் அதற்கு 15 ஆண்டுவரை சிறை. விசா நிலை தெரிந்தே விற்றால் சக ஊழியருக்கும் அதே கதி. பச்சை அட்டை பெற்றவருக்கு இந்தத் தடை இல்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் அதை நம்பிக் காசை எடுக்குமுன் அங்குள்ள வழக்கறிஞரைப் பார்ப்பதே நல்லது.

கடையில் அந்தப் பாரம் விசா நிலையை நேராகவே கேட்கும். நண்பரின் வீட்டு வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. இதையெல்லாம் நேயருக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மச்சானுக்கு அனுப்பிட்டேன் அண்ணே. அக்காவுக்கும் சேர்த்து."