நடுவிலேயே நிற்கும் முள்

1980களின் கடைசியிலிருந்து அமெரிக்காவில் ஃபோர்டு விற்ற பல பிக்கப் வண்டிகளின் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் மீட்டர் என்று ஒன்று உண்டு. முள் இருக்கும், கோடுகள் இருக்கும். ஆனால் என்ஜினில் அதோடு இணைந்திருப்பது அழுத்தத்தை அளக்கும் சென்சார் அல்ல, சாதாரண சுவிட்ச். ஆறேழு பிஎஸ்ஐ அழுத்தம் வந்ததும் சுவிட்ச் ஆன் ஆகும். முள் நடுவில் போய் நிற்கும். அதன்பிறகு அழுத்தம் பத்தாக இருந்தாலும் அறுபதாக இருந்தாலும் முள் அங்கேயேதான். ஆடுகிற முள்ளைப் பார்த்துப் பயந்து வாடிக்கையாளர்கள் ஷோரூமுக்கு ஓடி வரக் கூடாது என்பதுதான் இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

கடைக்குப் போய்த் திரும்பும் வண்டிக்கு இது போதும். குதிரை டிரெய்லரையோ நான்கைந்து டன் எடையுள்ள கேம்பர் வீட்டையோ கட்டி இழுத்துக்கொண்டு மலை ஏறும் டீசல் பிக்கப்புக்குப் போதாது. சிப் மாற்றி பவர் ஏற்றிய வண்டிக்கு நிச்சயம் போதாது. அதனால்தான் அங்கே ஓட்டுநர் பக்கக் கண்ணாடித் தூணில் இரண்டு மூன்று வட்ட மீட்டர்களைத் தனியாக வாங்கிப் பொருத்துகிறார்கள். பார்க்க விமானியின் அறை போல இருக்கிறது என்பதற்காகவே வாங்குகிறவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம். மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வண்டியில் எந்த உறுப்பு சத்தமில்லாமல் சாகும்?

1998 நடுவிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் டீசல் வண்டிகளுக்கு இதற்கான பதில் எல்லோருக்கும் தெரிந்தது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் என்ஜின், அதில் பாஷ் நிறுவனத்தின் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்ப். இந்தப் பம்புக்கு உயவும் குளிர்ச்சியும் தருவது அதன் வழியாக ஓடும் டீசலேதான். அந்த டீசலை டேங்கிலிருந்து தள்ளித் தருவது லிஃப்ட் பம்ப் என்ற சின்ன மின்சார பம்ப். அது பலவீனமான பம்ப் என்று பெயர் வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், லிஃப்ட் பம்ப் செத்துப்போனாலும் வண்டி ஓடும். விபி44 தானே டீசலை உறிஞ்சிக்கொள்ளும். ஓட்டுகிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. போதிய டீசல் இல்லாமல் சூடாகி, தேய்ந்து, ஒரு நாள் விபி44 நின்றுவிடும். அதன் விலையில் பல லிஃப்ட் பம்புகள் வாங்கலாம். டேஷ்போர்டில் எரிபொருள் அழுத்தம் காட்ட எதுவும் இல்லை. ஆகவே இந்த வண்டிக்கு முதல் மீட்டர் எரிபொருள் அழுத்த மீட்டர்தான். முள் பத்து பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் லிஃப்ட் பம்பைப் பார்க்க வேண்டிய நேரம்.

இந்த மீட்டரைப் பொருத்துவதில் ஒரு கண்டிப்பு உண்டு. டீசல் குழாயை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவரவே கூடாது. குழாய் கசிந்தால் டீசல் பீய்ச்சுவது உங்கள் முழங்கால்மேல். சென்சாரை என்ஜின் பக்கமே வைத்துவிட்டு ஒயரை மட்டும் உள்ளே இழுக்க வேண்டும். விபி44-இன் அழுத்தத் துடிப்பு சென்சாரை அடித்தே கொன்றுவிடும் என்பதால் நடுவில் ஒரு ஊசி வால்வைப் போட்டு லேசாகத் திருகி வைப்பார்கள்.

மற்ற டீசல் பிக்கப்புகளுக்கு ஒரே ஒரு மீட்டர்தான் வாங்க முடியும் என்றால் நான் பைரோமீட்டரைச் சொல்வேன். புகை எவ்வளவு சூடாக வெளியேறுகிறது என்று காட்டுவது அது. டீசல் என்ஜின் காற்றைக் கட்டுப்படுத்துவதில்லை. கிடைத்த காற்றையெல்லாம் இழுத்துக்கொள்ளும். பெடலை அழுத்தினால் கூடுவது டீசல் மட்டுமே. டீசல் கூடக் கூடச் சூடு கூடும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனாவர் சுரங்கப்பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே டில்லன் பக்கமிருந்து வந்தால் நூற்றுக்கு ஏழு வரை போகும் ஏற்றத்தில் சுமார் எட்டு மைல் ஏற வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். காற்று குறைவு, சுமை அதிகம், கால் பெடலில். டேஷ்போர்டில் ரேடியேட்டர் முள் நடுவிலேயே நிற்கும். புகையின் சூடோ 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

நீடித்த ஓட்டத்துக்கு 1,250 டிகிரி, அதாவது 677 செல்சியஸ், எல்லை என்று பெரும்பாலானோர் வைத்திருக்கிறார்கள். அலுமினியம் உருகுவது 660 செல்சியஸில். பிறகு அலுமினிய பிஸ்டன் எப்படித் தப்புகிறது? சூட்டின் உச்சம் அதன்மேல் கண நேரமே படுகிறது; அடுத்த சுற்றில் குளிர்ந்த காற்று வருகிறது; கீழிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கிறது. இந்தக் கணக்கு எல்லையைத் தாண்டி நிமிடக்கணக்கில் நீடிக்கும்போதுதான் தவறுகிறது. மருந்து எளிது: காலைத் தளர்த்துங்கள், கியரைக் குறையுங்கள். என்ஜின் வேகமாகச் சுற்றினால் அதிகக் காற்று உள்ளே போகும், சூடு இறங்கும்.

பைரோமீட்டரின் உயிர் வெப்ப மின்னிரட்டை. பிளஸ் டூ இயற்பியலில் படித்த சீபெக் விளைவுதான், 1821-இல் கண்டது. இங்கே பயன்படும் கே வகையில் குரோமெல், அலுமெல் என்ற இரு உலோகக் கலவைக் கம்பிகள் முனையில் ஒட்டியிருக்கும். 700 செல்சியஸில் அது தரும் மின்னழுத்தம் வெறும் 29 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரி தருவதில் ஐம்பதில் ஒரு பங்கு.

மின்னிரட்டையின் ஒயர் மீட்டர் வரை எட்டவில்லை என்று சிலர் அதை என்ஜின் அறையில் வெட்டிச் சாதாரணச் செம்பு ஒயரை ஒட்டுப்போடுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது. மின்னிரட்டை அளப்பது இரு முனைகளுக்கு இடையிலான வெப்ப வேறுபாட்டை மட்டுமே. குளிர் முனை ஓட்டுநர் அறையில், 25 செல்சியஸில் இருக்கிறது என்று நம்பி மீட்டர் கணக்குப் போடுகிறது. நீங்கள் ஒட்டுப்போட்ட இடத்தில் 80 செல்சியஸ். உடனே 55 செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 100 ஃபாரன்ஹீட், குறைத்துக் காட்டும். 1,250 ஓடும்போது முள் 1,150-இல் நின்று நிம்மதி தரும். ஒயர் போதவில்லையென்றால் அதே உலோகக் கலவையில் நீட்டிப்பு ஒயர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

மின்னிரட்டையின் முனையை எங்கே நுழைப்பது என்பதில் ஓயாத சண்டை. டர்போவுக்குப் பின்னால் போட்டால் வேலை சுலபம். முனை உடைந்தாலும் டர்போவுக்குள் போகாது. ஆனால் சுமையில் டர்போ இருநூறு முந்நூறு ஃபாரன்ஹீட்டை விழுங்கிவிடும், அதுவும் ஒரே அளவாக இல்லை. பிஸ்டனைக் காப்பது நோக்கமென்றால் டர்போவுக்கு முன்னால், எக்சாஸ்ட் மேனிஃபோல்டிலேயே துளையிட வேண்டும். வார்ப்பிரும்பு, டிரில் முனையில் கிரீஸ் தடவி, இரும்புத்தூளை அதில் ஒட்டவைத்து, அடிக்கடி துடைத்து, மெல்லத் துளைத்து, எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரை வெட்டுவார்கள். சிலர் என்ஜினை ஓடவிட்டே துளைப்பார்கள், புகை தூளை வெளியே ஊதிவிடும் என்று. டர்போவைக் கழற்றிவிட்டுச் செய்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு துகள் டர்பைன் இறக்கையில் பட்டால் மிச்சப்படுத்திய நேரத்துக்கு அர்த்தமில்லை.

டர்போ என்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர் மலிவானது, பொருத்தவும் எளிது. 1849-இல் பிரான்சில் யூஜீன் பூர்டோன் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய்தான் இயந்திர வகையில் இன்றும் முள்ளை நகர்த்துகிறது. தனியாக அது அதிகம் சொல்லாது. பைரோமீட்டரோடு சேர்த்துப் பார்த்தால் சொல்லும்: சூடு ஏறி பூஸ்ட் இறங்கினால், எங்கோ இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் அதன் ஆயில் சூட்டுக்கும் ஒரு மீட்டர் தேவை. ஆயில் தொட்டியில் சென்சார் வைத்தால் நிதானமான சராசரி தெரியும். 200 ஃபாரன்ஹீட் வரை கவலையில்லை. டார்க் கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால் அதே ஆயில் ஏற்றத்தில் 300-ஐக்கூட எட்டிப் பார்க்கும். சென்சார் எங்கே என்று சொல்லாத எண்ணை நம்ப வேண்டாம். தூணில் மீட்டர் மாட்டுமுன் அங்கே ஏர்பேக் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மீட்டருக்கு இடம் டேஷ்போர்டின்மேல்தான்.

2007-இன் புகைக்கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு வந்த டீசல் பிக்கப்புகளில் வெப்ப சென்சார்கள் தொழிற்சாலையிலேயே வந்துவிட்டன. ஸ்டீயரிங்குக்குக் கீழுள்ள ஓபிடி பிளக்கில் ஒரு சின்னத் திரையைச் செருகினால் பல அளவுகள் வந்துவிடும். ஆனால் அந்த வெப்ப சென்சார்கள் பெரும்பாலும் டர்போவுக்குப் பின்னால், புகை வடிகட்டியைக் காக்க வைத்தவை. மேனிஃபோல்டின் சூடு தெரிய வேண்டுமென்றால் புதிய வண்டிக்காரரும் டிரில்லை எடுத்தே ஆக வேண்டும்.