காக்கட்டூ: ஒரு பெயரின் கடல்வழி

விரும்பியபோது நிமிர்த்தவும் மடக்கவும் முடிகிற கொண்டையே காக்கட்டூவை மற்ற கிளிகளிடமிருந்து பிரித்துக்காட்டுகிறது. பெயர் மலாய் மொழியின் 'கக்காத்துவா'. மசாலா வணிகத்துக்குச் சென்ற டச்சுக்காரர்கள் அதை 'காக்கெத்தூ' ஆக்கினர். 17ஆம் நூற்றாண்டில் அதை வாங்கிய ஆங்கிலம், சேவலைக் குறிக்கும் தன் 'காக்' என்ற சொல்லின் சாயலை அதற்கு ஏற்றியது. சேவலுக்கும் இப்பறவைக்கும் உறவே கிடையாது.

'கக்காக்' என்றால் அக்கா, 'துவா' என்றால் வயதானவர். எனவே 'மூத்த அக்கா' என்று ஒரு விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க இனிமையாக இருந்தாலும், பெயர் பழகிய பின் அதைப் பிரித்துப் பொருள் சொல்லும் முயற்சியாகவே அது தோன்றுகிறது. மலாயின் தாயகமான சுமத்ராவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் காக்கட்டூ இயற்கையாக வாழ்வதில்லை. 1856இல் பாலியிலிருந்து லோம்போக் தீவுக்குக் கடந்த இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், அங்கேதான் வெள்ளைக் காக்கட்டூக்களைக் கண்டார். மலாய்க்காரர்களுக்கே அது கிழக்குத் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த பறவை.

மலாயில் இதே சொல்லுக்கு ஆணி பிடுங்கும் குறடு என்றும் பொருள் உண்டு. பறவையின் பெயர்தான் கருவிக்குப் போயிருக்க வேண்டும். அலகைப் பார்த்தவர்களுக்கு அது உடனே விளங்கும். ஆனால் குறட்டுக்கு அச்சு ஒன்றே. கிளியின் கீழலகு தன் மூட்டில் அசைய, மேலலகும் நெற்றியருகே உள்ள கீலில் தனியாக நகர்கிறது. போதாததற்கு, உள்ளே தடித்த நாக்கு கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக் கொடுக்கிறது. ஆணியைத் தானே திருப்பிப் பொருத்திக்கொள்ளும் குறடு எந்தத் தச்சரிடமும் இல்லை.

நியூ கினி அருகிலுள்ள ஆரு தீவுகளின் கறுப்புக் காக்கட்டூ, கனமான சுத்தியலுக்கே உடைகிற கனாரிக் கொட்டையைத் தின்னும் விதத்தை வாலஸ் 1869இல் வெளியான தம் நூலில் வியந்து விவரிக்கிறார். முதலில் கீழலகால் ரம்பம் அறுப்பதுபோல் ஓட்டில் ஒரு வெட்டு. பிறகு ஓர் இலைத்துண்டைக் கடித்து எடுத்து மேலலகின் பள்ளத்தில் வைக்கிறது. வழவழப்பான கொட்டை நழுவாமல் இருக்க அந்த இலைதான் பிடிமானம். அடுத்து, வெட்டில் கீழலகின் விளிம்பைச் செலுத்தி ஓட்டைப் பெயர்க்கிறது.

ஐரோப்பாவுக்குப் பெயரைவிடப் பறவை முந்திப் போனது. எகிப்து சுல்தான் பரிசளித்த வெள்ளைக் காக்கட்டூவின் படங்கள், பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் 1240களில் எழுதிய வல்லூறு வேட்டை நூலில் உள்ளன.

1817இல் 'கக்காத்துவா' அறிவியலில் பேரினப் பெயராயிற்று. 'காக்கட்டீல்' என்ற சிறு கொண்டைக்கிளியின் பெயரும் இதன் கிளையே. போர்ச்சுகீசியத்தில் 'குட்டிக் காக்கட்டூ' என்ற பொருளில் உருவாகி, டச்சு வழியாக ஆங்கிலத்துக்குச் சென்றது.