ஆறாத புண்ணும் ஈரக் கட்டும்



மாமல்லபுரத்தை அடுத்த மீனவக் குப்பம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெரியவர் எங்கள் வார்டில் இருக்கிறார். தொழுநோய் குணமாகிப் பல ஆண்டுகள் ஆயின; பாதங்களுக்கு உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. சிப்பி கிழித்தது தெரியாமலே நடந்திருக்கிறார். "வலிக்கலையே ஐயா, அதனால பார்க்கலை" என்றார். காலை எடுக்க வேண்டிவருமோ என்று அஞ்சினோம்.

இத்தகைய புண் ஏன் ஆறுவதில்லை? 1947இல் டாக்டர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேனைச் சந்தித்தார். அங்கே கண்ட முடங்கிய கைகள் அவரை வேலூரில் நீண்ட ஆராய்ச்சிக்குத் தூண்டின. நோயாளியின் சதை ஆறும் தன்மையுள்ளதே. வலி தெரியாமல் அதே இடத்தை மீண்டும் மீண்டும் அழுத்துவதே கேடு என்று அவரும் உடன் ஊழியரும் கண்டார்கள்.

புண் காய்ந்தால்தான் ஆறும் என்பது நம் வீடுகளில் உள்ள எண்ணம். 1962இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் நடத்திய ஆய்வில், மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் படர்ந்தது. ஆனால் ஈரத்தில் கிருமிகளும் பெருகுமே! அதற்காகவே கிருமியைத் தடுக்கும் 'ஹைட்ரோஜெல்' கட்டுகளை விஞ்ஞானிகள் உருவாக்கி வருகிறார்கள்.

ஹைட்ரோஜெல் நுங்கைப் போன்றது. பெரும்பகுதி தண்ணீர், ஆனாலும் வழிந்தோடாது. கட்டை மாற்றும்போது புதுச்சதையைப் பிய்க்காது. கிருமியைக் கொல்லச் சிலவற்றில் வெள்ளி சேர்க்கிறார்கள், சிலவற்றில் 'கைட்டோசான்'. இது நம் கடற்கரையில் வீசியெறியும் இறால் ஓட்டிலிருந்து கிடைப்பது! அமிலமும் காரமும் கொண்டு ஓட்டின் சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கி, மீண்டும் வலிய காரத்தில் பதப்படுத்துகிறார்கள். கைட்டோசானின் நேர்மின்னூட்டம் கிருமியின் மேலுறையைப் பற்றிச் சிதைக்கிறது.

எனினும் நீர் அதிகம் வடியும் புண்ணுக்கு ஜெல் ஏற்றதல்ல. உடலின் பாரத்தையும் அது தாங்காது. ஓய்வும், மாவுக்கட்டும், மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும், தினமும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். பெரியவரின் புண் இப்போது சுருங்கி வருகிறது. தேவனுக்கு ஸ்தோத்திரம்.

நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெயும் திராட்சரசமும் இட்டதோடு நிற்கவில்லை. சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்துச் சென்றான். மருந்து ஒருநாள் வேலை. பராமரிப்பு பலநாள் வேலை. எங்கள் சத்திரத்தில் அந்தப் பலநாள் செலவைத் தாங்குவது உங்கள் காணிக்கையே. ஜெபத்திலும் எங்களைத் தாங்குங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்