உத்தியோகமும் மனச்சாட்சியும்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது எமது யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. அரச உத்தியோகம் என்றால் மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஊரில் மதிப்பு. மாப்பிள்ளை அரச உத்தியோகத்தர் என்றால் சீதனமும் உயர்ந்துவிடுகிறது. இந்த எண்ணத்தினாலேயே பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர், சிறப்பாகப் பெண்பிள்ளைகள், நியமனக் கடிதத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருப்பதைச் சமூகப்பணியில் ஈடுபட்டுள்ள நாம் அன்றாடம் காண்கிறோம். இந்நிலையில் அரச சேவை, வங்கித்துறை, அமைச்சர் பதவி ஆகிய மூன்றிலும் பணியாற்றிய சிங்கப்பூர்த் தமிழர் எஸ். தனபாலனின் வாழ்க்கை சிந்திக்கத்தக்கது.

1937 இல் சிங்கப்பூரில் பிறந்த தனபாலன், 1960 இல் பொருளியல் பட்டம் பெற்று நிதி அமைச்சில் சேர்ந்தார். அக்காலத்தில் அங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்தது. தொழிற்சாலைகளை உருவாக்கி வேலைவாய்ப்பைப் பெருக்குவதற்காக 1961 இல் பொருளாதார அபிவிருத்திச் சபை தொடங்கப்பட்டபோது அவர் அதில் இணைந்தார். சதுப்புநிலமாகக் கிடந்த ஜூரோங் பகுதியைக் கைத்தொழிற்பேட்டையாக மாற்றிய சபை இதுவே. தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் வழங்குவதற்கென 1968 இல் சிங்கப்பூர் அபிவிருத்தி வங்கி உருவானதும் அங்கே சென்றார். இன்று டிபிஎஸ் எனப்படும் அவ்வங்கி தென்கிழக்காசியாவிலேயே மிகப் பெரியதாகும்.

1976 இல் பாராளுமன்ற உறுப்பினரான தனபாலன், 1980 இல் வெளிநாட்டமைச்சரானார். அவருக்கு முன்னர் அப்பதவியை வகித்த எஸ். இராசரத்தினம் எமது வட்டுக்கோட்டையில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் தனபாலன் தேசிய அபிவிருத்தி அமைச்சராக இருந்தபோது, 1989 இல் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் இனவாரியான உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. சீனர், மலாயர், இந்தியர் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்துவிடாமல் அயலவர்களாக வாழவேண்டும் என்பதே நோக்கம். சிறுபான்மையினர் தம் வீட்டை விற்கும்போது வாங்குவோர் குறைந்துவிடுகின்றனர் என்ற குறைபாடும் இதில் உண்டு.

அவர் வாழ்வில் நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது வேறொன்று. 1987 இல் சிங்கப்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 22 பேர் கைதுசெய்யப்பட்டு விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டனர். கத்தோலிக்க சமூகப் பணியாளர்களும் அவர்களுள் இருந்தனர். விசாரணையற்ற தடுப்புக்காவல் எத்தகையது என்பதை எமது தாய்மாருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. இவ்விடயம் கையாளப்பட்ட விதம் தனபாலனுக்கு உடன்பாடாக இருக்கவில்லை. 1992 இல் அவர் அமைச்சரவையிலிருந்து விலகினார். அவர் விலகியதற்கு இதுவே காரணம் என்பதை முன்னாள் பிரதமர் கோ சொக் தொங் 2009 இல் வெளியான நூலொன்றின் வாயிலாக வெளிப்படுத்தினார்.

எனினும் அதே ஆண்டின் இறுதியில் துணைப் பிரதமர்கள் இருவர் புற்றுநோய்க்கு உள்ளானபோது, பிரதமரின் வேண்டுகோளை ஏற்று வர்த்தக, கைத்தொழில் அமைச்சராகத் திரும்பிவந்து சிறிது காலம் பொறுப்பைச் சுமந்தார். அதன்பின் 1996 முதல் 2013 வரை அரசாங்க முதலீட்டு நிறுவனமான தெமாசெக்கின் தலைவராக விளங்கினார்.

பதவியை விட்டால் வாழ்வே போய்விடும் என்று அஞ்சும் ஒருவரால் இவ்வாறு விலகியிருக்க முடியாது. கைத்தொழில் பற்றிய அறிவும் வங்கி அனுபவமும் இருந்தமையால் அவர் எந்த நாற்காலியையும் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் அமைச்சராவதில்லை. ஆனால் நியமனம் வரும்வரை எமது மகள்மார் கணக்கியலோ, கணினியோ, உணவு பதனிடலோ கற்கலாம். கூட்டுறவுச் சங்கத்திலோ தனியார் நிறுவனத்திலோ பணியாற்றலாம். சிறு தொழிலொன்றைத் தொடங்கலாம். “அரசாங்க வேலை இல்லையா?” என்று அயலார் கேட்கும் கேள்விக்குப் பயந்து பிள்ளையின் சிறந்த ஆண்டுகளை வீட்டுக்குள் பூட்டிவைக்காதீர்கள். “அம்மா, இந்த வேலையில் நடப்பதை என் மனம் ஏற்கவில்லை” என்று உங்கள் பிள்ளை ஒருநாள் சொன்னால், ஓய்வூதியத்தை நினைத்து உடனே ஏசிவிடாமல், முதலில் அமர்ந்து அதன் கதையைக் கேளுங்கள்.